மார்பில் பை, பிடரியில் நீர்: 2013 ஜூலை 16 விண்நடை பற்றிய நிகழ்வு ஆய்வு

எதை ஆராய்கிறோம்

சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே 2013 ஜூலை 16 அன்று இரண்டு வீரர்கள் விண்நடையில் இருந்தபோது, அவர்களில் ஒருவரின் தலைக்கவசத்துக்குள் நீர் சேரத் தொடங்கியது. ஆறரை மணி நேரத்துக்குத் திட்டமிட்ட அந்தப் பணி 1 மணி 32 நிமிடத்தில் முடிந்தது. அவர் ஏர்லாக் எனப்படும், காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கும் வாசல் அறைக்குத் திரும்பி, கவசத்தைக் கழற்றும் வரை கண்ணையும் மூக்கையும் நீர் மூடியிருக்க, வாயால் மட்டுமே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் வாயையும் நீர் மூடியிருந்தால், மேலே நானூறு கிலோமீட்டர் உயரத்தில், காற்றே இல்லாத வெளியில், ஒரு மனிதர் நீரில் மூழ்கி இறந்திருப்பார்.

இந்த நிகழ்வைப் பற்றி இரண்டு விதமான பதிவுகள் இருக்கின்றன. ஒன்று, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து அந்த வீரரே எழுதிய நினைவுக் குறிப்பு. மற்றொன்று, நாசா அமைத்த விசாரணைக் குழுவின் நீண்ட அறிக்கை. அது 2014 பிப்ரவரியில் பொதுவெளிக்கு வந்தது. உள்ளே இருந்தவருக்கு என்ன தெரிந்தது என்பதை முதலாவதும், வெளியே இருந்தவர்களுக்கு ஏன் தெரியாமல் போனது என்பதை இரண்டாவதும் சொல்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தபோதுதான் இந்த நிகழ்வு எனக்கு முழுதாக விளங்கியது. பெயர்கள் இங்கே தேவைப்படவில்லை. நீர் சேர்ந்தவரை இரண்டாம் வீரர் என்றும், உடன் சென்றவரை முதல் வீரர் என்றும் குறிப்பிடுகிறேன்.

உடையும் அதற்குள் ஓடும் நீரும்

விண்நடை உடை என்பது ஆடையாகத் தோன்றினாலும் ஓர் ஆளுக்கான சிறிய விண்கலமே. உடலை ஒட்டி அணியும் உள்ளாடையில் மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் சுற்றும் குளிர்ந்த நீர்தான் உடல் வெப்பத்தை வெளியேற்றுகிறது. முதுகுப் பெட்டியிலுள்ள ஒரு விசிறி ஆக்சிஜனைத் தலைக்குப் பின்னாலிருக்கும் துளை வழியாகக் கவசத்துக்குள் ஊதுகிறது. அந்தக் காற்று முகத்தைக் கடந்து, கை கால்கள் வரை சென்று, வியர்வையின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் சுமந்துகொண்டு மீண்டும் முதுகுப் பெட்டிக்குத் திரும்புகிறது. அங்கே ஈரம் குளிர்ந்து நீராக மாறும். அதிவேகமாகச் சுழலும் ஓர் உருளை அந்த நீரைக் காற்றிலிருந்து பிரித்து, மறுபடி நீர்த் தொட்டிக்கு அனுப்பும். விசிறி, நீர் இறைக்கும் பம்பு, நீர் பிரிக்கும் உருளை ஆகிய மூன்றும் ஒரே மோட்டாரில் இயங்கும் ஒரே கருவி. ஆகவே நீர்ச் சுற்றும் காற்றுச் சுற்றும் தனித்தனி என்று வரைபடத்தில் காட்டப்பட்டாலும், இந்த ஓர் இடத்தில் அவை சந்திக்கின்றன.

இவற்றைத் தவிர, வீரர் குடிப்பதற்காக உடையின் முன்புறத்தில், மார்புப் பகுதியில், ஒரு குடிநீர்ப் பை இருக்கும். அதிலிருந்து ஒரு சிறு குழாய் வாய்க்கு எட்டும் உயரத்தில் நிற்கும். பை மார்பில் இருக்கிறது, காற்றுத் துளை பிடரிக்குப் பின்னால் இருக்கிறது என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பின்னணியும் முக்கியம். விண்வெளி ஓடங்கள் பறந்த காலத்தில் இந்த உடைகள் ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் தரைக்கு வந்து, பிரித்துச் சுத்தம் செய்யப்பட்டு, மறுபடி சோதிக்கப்பட்டன. 2011இல் ஓடங்கள் ஓய்வு பெற்ற பிறகு உடைகள் ஆண்டுக்கணக்கில் நிலையத்திலேயே தங்கின. பராமரிப்பும் அங்கேயே, அங்கிருந்த வடிகட்டிகளைக் கொண்டே நடந்தது.

ஜூலை 9: முதல் நீர்

இதே இரு வீரர்கள் ஒரு வாரம் முன்பு, ஜூலை 9 அன்று, ஆறு மணி நேரத்துக்கும் மேலாக ஒரு விண்நடையை முடித்தார்கள். உள்ளே வந்து இரண்டாம் வீரரின் கவசத்தைக் கழற்றியபோது, அதில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை நீர் இருந்தது. அவர் அணிந்திருந்தது 3011 என்ற எண் கொண்ட உடை.

நீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு உடனே ஒரு விடை கிடைத்தது: குடிநீர்ப் பை கசிந்திருக்க வேண்டும், அவர் முன்னால் குனிந்தபோது மார்பு அழுத்திப் பையின் குழாய் திறந்திருக்கலாம். நிலையத்தில் சொல்லப்பட்ட இந்த விளக்கத்தைத் தரையில், கட்டுப்பாட்டு மையத்தில் இருந்தவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். பையின் கொள்ளளவும் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதால் கணக்கும் ஏறக்குறைய பொருந்திப்போனது. முன்பும் பைகள் கசிந்திருக்கின்றன என்ற பொதுவான நம்பிக்கை எல்லாரிடமும் இருந்தது.

நீரைத் துடைத்தார்கள், உடையை உலர்த்தினார்கள், பையை மாற்றினார்கள். அடுத்த விண்நடைக்கான நாள் மாறவில்லை. முறையான பழுது விசாரணை ஒன்றைத் தொடங்கியிருக்க முடியும். ஆனால் அப்படித் தொடங்கினால் எத்தனை பேரின் எத்தனை நாள் உழைப்பு அதில் போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கையில் ஒரு விளக்கம் இருக்கும்போது அந்த வழிக்குப் போக யாருக்கும் மனம் வரவில்லை. இந்த ஆய்வில் மிகக் கனமான முடிவு எது என்று கேட்டால், நான் இதையே சொல்வேன். ஜூலை 16 அன்று எடுத்த முடிவுகள் நெருக்கடியில் எடுத்தவை. இதுவோ அவகாசம் இருந்தபோது எடுத்தது.

ஜூலை 16: 44ஆம் நிமிடம்

இரண்டாவது விண்நடையில் இருவரும் வெளியே வந்து தனித்தனி வேலைகளுக்குப் பிரிந்தார்கள். ரஷ்யாவின் புதிய ஆய்வுக்கூடம் நிலையத்துடன் இணையவிருந்ததால் அதற்கான கம்பிவடங்களைப் பதிப்பதும் அன்றைய வேலைகளில் ஒன்று. இரண்டாம் வீரர் நிலையத்தின் கூடங்கள் நெருங்கி நிற்கும் ஓர் ஒடுக்கமான இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்.

அதற்குள்ளாகவே அவருடைய உடையில் கரியமில வாயுவை அளக்கும் உணரி செயலிழந்திருந்தது. காற்றுச் சுற்றில் ஈரம் கூடினால் அந்த உணரி கெடும் என்பது தெரிந்த செய்திதான். ஆனால் முன்பும் பலமுறை கெட்ட கருவி என்பதால், அது கெட்டது ஓர் அடையாளமாகப் பார்க்கப்படவில்லை.

ஏறத்தாழ 44ஆம் நிமிடத்தில், தலையின் பின்புறம் நீர் இருப்பதை உணர்வதாக அவர் தரைக்குச் சொன்னார். குரலில் பதற்றம் இல்லை. பதறாமல் பேசுவதற்குத்தான் அவர்கள் ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். அந்த நிதானமே கேட்டவர்களுக்கு அபாயத்தின் அளவைக் குறைத்துக் காட்டியதோ என்ற ஐயம் எனக்கு உண்டு. அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. இது என் கருத்து மட்டுமே.

இருபத்து மூன்று நிமிடங்கள்

நீர் பற்றிய முதல் செய்திக்கும் விண்நடையை முடிக்கும்படி தரை ஆணையிட்டதற்கும் இடையே 23 நிமிடங்கள் கடந்தன.

இந்த நேரம் முழுவதும் பேச்சு ஒரே கேள்வியைச் சுற்றி வந்தது: இது வியர்வையா, குடிநீரா, வேறு ஏதாவதா? முதல் வீரர் தம் வேலையை விட்டு நண்பரிடம் வந்து, கவசத்தின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். நீர் தெரிந்தது. ஜூலை 9 அன்று கிடைத்த விளக்கம் எல்லார் மனத்திலும் தயாராக இருந்ததால், பையைக் குறித்தே சந்தேகம் மீண்டும் எழுந்தது. இரண்டாம் வீரர் பையில் மீதமிருந்த நீரைக் குடித்து முடித்தார். அதன் பிறகும் கவசத்துக்குள் நீர் கூடிக்கொண்டே போனது. பை காரணமல்ல என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதைச் சொல்லவும் செய்தார்.

தோளுக்கு மேலே கையைக் கொண்டுபோய் முகத்தைத் துடைக்க அவரால் முடியாது. கவசத்தைத் திறக்க முடியாது. எடையின்மையில் நீர் கீழே வடிவதில்லை. குளத்தில் நனைந்த தலையை உதறினால் நீர் தெறித்துப் போய்விடுகிறது என்ற நம் அனுபவத்துக்கு அங்கே இடமில்லை. தொட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு, பரப்பு இழுவிசையால் கூழ்போல ஒரு படலமாகத் திரண்டு, துணித் தொப்பியை ஊறவைத்து, தோலின் மேலேயே அது நகர்ந்து செல்லும். தலையை அசைத்தால் அதற்குப் புது வழி கிடைக்கும், அவ்வளவுதான். அப்படித்தான் பிடரியிலிருந்து காதுகளுக்கும், அங்கிருந்து கண்களுக்கும் நீர் முன்னேறியது.

மார்பில் இருக்கும் பையிலிருந்து கசியும் நீர் முதலில் எங்கே தெரியும்? முகவாயில், கழுத்தின் முன்புறத்தில் தெரிந்திருக்க வேண்டும். இவருக்கோ முதலில் தெரிந்தது பிடரியில், காற்றுத் துளை இருக்கும் இடத்தில். அவர் அதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார். எந்த இடத்தில் நனைந்தது என்ற ஒரு சொல்லுக்குள் விடை இருந்தது. உரையாடலோ எவ்வளவு நீர், என்ன நீர் என்பதிலேயே நின்றது.

முடிவில், விண்நடையை முடித்துத் திரும்பும்படி ஆணை வந்தது. இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நடைமுறைகளில் இரண்டு நிலைகள் உண்டு: ஒன்று, இடத்தை ஒழுங்குபடுத்திவிட்டு முறையாகத் திரும்புவது, மற்றொன்று, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு உடனே உள்ளே ஓடுவது. பிறப்பிக்கப்பட்டது முதல் வகை.

ஏர்லாக் வரை

இருவரின் பாதுகாப்புக் கயிறுகளும் வெவ்வேறு வழியாக வந்திருந்ததால் இருவரும் ஒரே பாதையில் திரும்ப முடியவில்லை. இரண்டாம் வீரர் தனியாகப் புறப்பட்டார்.

புறப்பட்ட சற்று நேரத்தில் சூரியன் மறைந்தது. நிலையம் ஒன்றரை மணி நேரத்தில் பூமியைச் சுற்றிவருவதால், ஏறக்குறைய முக்கால் மணிக்கு ஒருமுறை பகலும் இரவும் மாறும். அந்த மாற்றம் மிக மோசமான தருணத்தில் வந்து சேர்ந்தது. வழியிலிருந்த ஓர் ஆண்டெனாவைத் தாண்ட அவர் தம் உடலைத் திருப்ப வேண்டியிருந்தது. திரும்பிய அந்த அசைவில், கவசத்துக்குள் திரண்டிருந்த நீர் கண்கள் முழுவதையும் மூடி, மூக்குத் துளைகளுக்குள்ளும் ஏறியது. வெளியே இருட்டு, உள்ளே நீர். எந்தக் கைப்பிடியைப் பற்றியிருக்கிறார், எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. காதிலும் ஒலிவாங்கியிலும் நீர் புகுந்ததால் தரையின் குரல் சரியாகக் கேட்கவில்லை. தம் குரல் அவர்களை எட்டுகிறதா என்பதும் உறுதியில்லை.

அப்போது அவர் நினைவுக்கு வந்தது இடுப்பிலிருந்த பாதுகாப்புக் கயிறு. அதன் சுருள் கயிற்றை எப்போதும் மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பு ஒன்றரைக் கிலோ எடை அளவே. வழக்கமாக அது வேலைக்கு இடைஞ்சலாகத் தோன்றும் ஒரு சிறு தொந்தரவு. கயிற்றின் மறுமுனை ஏர்லாக் வாசலில் கட்டப்பட்டிருந்தது. ஆகவே எந்தத் திசையில் இழுக்கிறதோ அந்தத் திசையில்தான் வாசல். கண்ணையும் காதையும் விட்டுவிட்டு, இடுப்பில் உணர்ந்த அந்த இழுப்பைத் தொடர்ந்து, கைக்குக் கை மாற்றி அவர் நகர்ந்தார்.

நகரும்போதே அடுத்ததையும் யோசித்து வைத்தார். நீர் வாய்க்கு வந்துவிட்டால் என்ன செய்வது? இடது காதருகே கவசத்தில் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. அதைத் திறந்தால் உடையின் காற்றோடு கொஞ்சம் நீரும் வெளியே போகலாம். விண்வெளியில் தம் உடையிலேயே ஒரு துளை போடுவதற்குச் சமமான செயல் அது. வேறு வழியே இல்லாதபோது அதையும் செய்வது என்று முடிவு செய்துகொண்டார். அவருடைய குறிப்பில் இந்த இடத்தைப் பல முறை படித்திருக்கிறேன். அச்சத்தைப் பற்றி அங்கே அதிகம் இல்லை. அடுத்து என்ன, அது முடியாவிட்டால் என்ன என்ற வரிசைதான் இருக்கிறது.

கதவு மூடிய பிறகு

ஏர்லாக்குக்குள் அவர் முதலில் நுழைந்தார். முதல் வீரர் பின்னால் வந்து கதவை மூடினார். அறைக்குள் காற்றழுத்தம் ஏறி முடியும் வரை கவசத்தைக் கழற்ற இயலாது. நீர் அசையக் கூடாது என்பதற்காக இரண்டாம் வீரர் தம் உடலை இயன்றவரை அசைக்காமல் வைத்திருந்தார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை என்பதைப் புரிந்துகொண்ட முதல் வீரர் அவர் கையைப் பற்றி அழுத்தினார்; இவரும் கையாலேயே, நான் நலம் என்று குறி காட்டினார். மைல்கணக்கில் கம்பிவடங்களும் வானொலி இணைப்புகளும் உள்ள ஒரு நிலையத்தில், அந்தச் சில நிமிடங்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே தொடர்பு இரண்டு தடித்த கையுறைகளுக்கு இடையிலான அழுத்தம்.

உள் கதவு திறந்ததும் காத்திருந்த சகவீரர்கள் விரைந்து கவசத்தைக் கழற்றித் துண்டுகளால் முகத்தைத் துடைத்தார்கள். காதில் நீர் அடைத்திருந்ததால் அவர்கள் பேசியது கேட்காமலேயே அவர் நன்றி சொன்னார். கவசத்தில் சேர்ந்திருந்த நீர் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை என்று மதிப்பிடப்பட்டது. குடிநீர்ப் பையில் அவ்வளவு கொள்ளாது.

விசாரணையில் தெரிந்தது

நீர் பிரிக்கும் உருளையில் இருக்கும் நுண்ணிய துளைகளைக் கனிமப் படிவு அடைத்திருந்தது. வெளியேற வழியில்லாத நீர் பின்வாங்கிக் காற்றுச் சுற்றுக்குள் வழிந்தது. விசிறி அதை ஆக்சிஜனோடு சேர்த்துத் தலைக்குப் பின்னாலிருந்து ஊதியது. சிலிக்கா கலந்த இந்தப் படிவுக்கு மூலம் குளிர்விக்கும் நீரின் தரத்தில் இருந்தது.

எந்திரக் காரணம் இத்தோடு முடிகிறது. குழு அதிகப் பக்கங்களைச் செலவிட்டது மனிதர்களின் முடிவுகளுக்கு. நிலையத்தில் ஆய்வுப் பணிக்கான நேரம் குறையக் கூடாது என்ற அழுத்தம். பைகள் கசியும் என்ற நம்பிக்கை. பழுது விசாரணை பெருஞ்சுமை என்ற எண்ணம். எடையின்மையில் நீர் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்திருந்தும், அந்த அறிவைக் காற்றுச் சுற்றிலிருந்து வரும் நீருக்கு ஒருவரும் பொருத்திப் பார்க்காதது. கவசத்தில் கொஞ்சம் ஈரம் இருப்பது சகஜம் என்று நாளடைவில் ஆகிவிட்டது. ஜூலை 9 நீரை இன்னும் விரிவாக விவாதித்திருந்தால் ஜூலை 16 நிகழ்ந்திருக்காது என்று குழு வெளிப்படையாகவே எழுதியது. யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. 49 பரிந்துரைகள் வைத்தது.

அமெரிக்க உடையில் அடுத்த விண்நடை டிசம்பர் 21 அன்றுதான் நடந்தது. நிலையத்தின் குளிர்விப்புப் பம்பு பழுதானதால் அதைத் தள்ளிப்போட முடியவில்லை. அதற்குள் இரண்டு சேர்க்கைகள் வந்திருந்தன. ஒன்று, தலைக்குப் பின்னால் ஒட்டும் நீர் உறிஞ்சும் பஞ்சுத் திண்டு. அதன் மேல் தலையை அழுத்திப் பார்த்தாலே ஈரம் தெரிந்துவிடும். மற்றொன்று, வாய்க்கு அருகிலிருந்து வயிற்றுப் பகுதி வரை இறங்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய். கவசம் நிறைந்தாலும் உடையின் கீழ்ப்பகுதியிலிருந்து மூச்சு விடலாம். நிலையத்திலிருந்த பொருள்களைக் கொண்டே அந்தக் குழாய் செய்யப்பட்டது. இவ்வளவு எளிய பொருள் பல பத்தாண்டுகளாக உடையில் இல்லாமல் இருந்ததற்குக் காரணம், அது தேவைப்படும் ஒரு நிலையை யாரும் மனத்தில் கண்டு பார்க்காததுதான்.

எதை வேறு விதமாகச் செய்திருக்கலாம்

அறிக்கையைத் தாண்டி எனக்குத் தோன்றுவதையும் பதிவு செய்கிறேன். ஜூலை 9 அன்று கழற்றிய பையில் எவ்வளவு நீர் மீதி இருந்தது, அது உண்மையிலேயே கசிகிறதா என்று அமர்ந்து சோதிப்பது ஓரிரு மணி நேர வேலை. அதைவிட எளிதாக, காற்று விசிறியை ஓடவிட்டுத் துளையைக் கண்ணால் பார்த்திருக்கலாம். ஒரு விளக்கம் பொருத்தமாக இருக்கிறது என்பதும் அது நிரூபிக்கப்பட்டது என்பதும் ஒன்றாகக் கொள்ளப்பட்டன.

44ஆம் நிமிடத்தைப் பொறுத்தவரை, மூலம் தெரியாத நீர் கவசத்தில் இருக்கிறது என்ற செய்தி மட்டுமே திரும்புவதற்குப் போதுமான காரணமாக விதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். காரணத்தை ஏர்லாக்குக்குள் வைத்துத் தேடலாம். வெளியே இருந்த முதல் வீரரும், தரையில் இருந்தவர்களும் அக்கறையோடு தேடினார்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அந்த அக்கறையே 23 நிமிடங்களை எடுத்துக்கொண்டது. நண்பரைத் தனியே அனுப்ப நேர்ந்த கயிற்றுப் பாதையையும் குறிப்பிட வேண்டும்: இருவரும் ஒரே வழியில் திரும்ப முடியாத ஏற்பாடு, ஒருவர் கண் தெரியாமல் போகும் நிலையை எண்ணாமல் செய்யப்பட்டது.

அதன் பிறகு

2016 ஜனவரி 15 அன்று, அதே 3011 எண் உடையில், விண்நடை தொடங்கி நான்கு மணி நேரம் கழித்து வேறொரு வீரரின் கவசத்தில் ஒரு சிறு நீர்க்குமிழி தெரிந்தது. அன்றும் கரியமில வாயு உணரி கெட்டிருந்தது. அது எந்த நீர் என்று நீண்ட விவாதம் நடக்கவில்லை; திரும்பும்படி உடனே ஆணை வந்தது. உள்ளே வந்ததும் சகவீரர்கள் நீரை ஊசிக்குழலில் எடுத்து மாதிரியாகச் சேமித்தார்கள். அளந்தபோது அது சில தேக்கரண்டி அளவுதான்.

2022 மார்ச் 23 அன்று விண்நடை முடிந்து திரும்பிய ஒருவரின் கவசத்தில் மீண்டும் ஈரம் காணப்பட்டது. இந்த முறை பணி முழுமையாக முடிந்திருந்தது. யாருக்கும் ஆபத்து நேரவில்லை. 2013 ஜூலை 9 அன்று இருந்த அதே நிலைமை. ஆனால் அமெரிக்க உடையில் செய்யும் வழக்கமான விண்நடைகள் அனைத்தும் நிறுத்தப்பட்டு, உடையின் பாகங்கள் சோதனைக்குத் தரைக்கு வந்தன. அந்த உடையில் அடுத்த விண்நடைக்குக் கதவு திறந்தது நவம்பர் மாதத்தில்.